4கே கேமரா வாங்கப்போகும் நம் கோவில் சங்கங்களுக்கு

அன்புள்ள தலைவர்களே, செயலாளர்களே, திருவிழாக் குழுப் பிள்ளைகளே,

வணக்கம். அடுத்த காவடிக்கு 4கே நேரலை (எச்டி-யைவிட நுணுக்கமான படம்) என்று நம் மொரிஷியஸ் தீவுக் கோவில்களில் பேச்சு ஓடுகிறது. ஒரு சங்கம் விலைப்பட்டியல்கூட வாங்கிவிட்டது. பக்கத்துக் கோவில் 4கே போட்டால் நாம் 8கே போடுவோம் என்று இன்னொரு சங்கத்தில் ஒருவர் எழுந்து சொன்னாராம். தேர் அலங்காரத்தில்தான் நமக்குள் போட்டி என்று நினைத்திருந்தேன். இப்போது பிக்சலிலும் வந்துவிட்டது.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் கல்யாணம், காவடி, தீமிதி என்று கேமரா தூக்கியவன் நான். தோளில் வைக்கும் கேசட் கேமராவில் ஆரம்பித்து இப்போது உள்ளங்கையில் அடங்கும் பெட்டி வரை வந்திருக்கிறேன். புதுக் கருவி என்றால் எனக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் நீங்கள் செலவழிக்கப்போவது உண்டியல் பணம். அதனால்தான் இந்த மடல்.

போன காவடிக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கோவில், யார் ஒளிபரப்பினார்கள் என்பதை விட்டுவிடுவோம், அவர்களும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். என் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, நடக்க முடியாது. பேரன் முதல் தடவையாகக் காவடி எடுக்கிறான். பத்து நாள் விரதம், ஆற்றங்கரையில் அலகு குத்தி, தார் ரோட்டின் சூட்டில் நடந்து வந்து கோவில் படி ஏறுகிறான். அதை டிவியில் பார்க்க அத்தை காலையிலிருந்தே குளித்து, விபூதி பூசி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 4கே நேரலை என்று போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பத்து மணிக்கு மேல் ஆயிரக்கணக்கான பேர் கோவிலைச் சுற்றிக் கூடி, ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். நேரலைப் பெட்டியும் அதே மொபைல் டவரை நம்பித்தான் இருந்தது. படம் முதலில் கட்டம் கட்டமாக உடைந்தது, அப்புறம் நின்றது. பேரன் படி ஏறியபோது அத்தை பார்த்தது திரை நடுவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வட்டம். "என்னடா, சக்கரம் சுத்துது, முருகனைக் காணோம்" என்றார்.

இதில் கேமராமேன் செய்த தப்பு ஒன்றுமில்லை, கணக்குதான் தப்பு. எச்டி படத்தில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். 4கே-யில் 83 லட்சம், அதாவது நாலு மடங்கு. 8கே-யில் மூன்று கோடியைத் தாண்டும். புள்ளி கூடக் கூட அதை அனுப்பும் பாதையும் அகலமாக வேண்டும். இணைய நேரலையில் நல்ல எச்டி-க்கு நொடிக்கு 10 மெகாபிட் அளவு போதும், 4கே-க்கு 30-க்கு மேல் வேண்டும். பாதை 10-தான், ஆனாலும் 4கே-தான் அனுப்புவேன் என்றால் என்ன ஆகும்? ஒருவருக்கு வைத்த 'செட் காரி'யை, அதாவது ஏழு கறிச் சாப்பாட்டை, நாலு இலையில் பரப்பிப் பாருங்கள். இலை நாலு இருக்கும், ஏழு கறியும் பெயருக்கு ஒரு துளி இருக்கும், ஒருவருக்கும் வயிறு நிறையாது. குறுகிய பாதையில் திணித்த 4கே, தாராளமாக விட்ட எச்டி-யைவிட மோசமாகத்தான் தெரியும். அதிலும் நம் திருவிழாவில் இருப்பதெல்லாம் படத்தைச் சுருக்கும் மென்பொருளுக்கு ஆகாத விஷயங்கள்: கற்பூரப் புகை, பூ மழை, கொட்டும் பால், நகரும் கூட்டம். ஒவ்வொரு நொடியும் திரையில் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும். செய்தி வாசிப்பவர் முகத்தைச் சுருக்குவதுபோல் காவடி ஊர்வலத்தைச் சுருக்க முடியாது.

கருவியின் முறை வேறு, வீட்டிலிருக்கும் பெட்டியின் முறை வேறு என்றால் என்ன ஆகும் என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்தவன். மெட்ராஸிலிருந்து யாரோ கேசட் கொண்டுவருவார்கள். அங்கே டிவி நிறத்துக்கு 'பிஏஎல்' (PAL) முறை, பிரெஞ்சுக்காரர் வழியில் போன நம் தீவில் 'செகாம்' (SECAM) முறை. வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து போட்டால் பட்டுப்புடவை, மாலை, குங்குமம் எல்லாம் கறுப்பு வெள்ளையில் வரும். கேசட்டில் நிறம் இருந்தது, எங்கள் டிவிக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. உங்கள் 8கே படத்துக்கும் நம் வீடுகளில் அந்தக் கதிதான்.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். அத்தை வீட்டு ஹாலில் அளவு நாடா பிடித்தேன். டிவி 55 அங்குலம், திரையின் உயரம் 68 சென்டிமீட்டர். எச்டி படத்தைத் திரை உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது தொலைக்காட்சிப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அது இரண்டு மீட்டர். 4கே-யின் நுணுக்கம் முழுதாகத் தெரிய ஒன்றரை மடங்கு, அதாவது ஒரு மீட்டர். 8கே-க்கு அதிலும் பாதி. அத்தையின் நாற்காலி திரையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. அவருக்குக் கண்புரை ஆபரேஷனும் ஆகியிருக்கிறது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன், "கண்ணு கெட்டுடும்" என்று விரட்டிவிட்டார்.

சரி, உலகம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1995-லேயே இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி, 2018 டிசம்பர் 1 அன்று செயற்கைக்கோள் வழியாக 8கே சேனலையே ஆரம்பித்தது. தென் கொரியா 2017 மே மாதம் தரைவழி ஆண்டெனாவில் 4கே கொடுத்தது, ஆனால் அங்கே ஆண்டெனாவில் டிவி பார்க்கிறவர்கள் மிகக் குறைவு, மற்றவர்கள் கேபிளிலும் இணையத்திலும் இருந்தார்கள். அதற்கு முன்னால் 3டி டிவி வந்ததே, நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் 2010-ல் விளையாட்டுக்கென்றே தொடங்கிய 3டி சேனல் 2013-ல் மூடப்பட்டது. கண்ணாடி மாட்டிக்கொண்டு சோற்றில் குழம்பு ஊற்றிக்கொள்வது யாருக்கும் பிடிக்கவில்லை. 4கே அப்படிக் காணாமல் போகாது. கடையில் பெரிய டிவி கேட்டால் இப்போது பெரும்பாலும் 4கே-தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த டிவிகளில் அன்றாடம் ஓடுவதில் நிறைய எச்டியும் அதற்குக் கீழும்தான் என்பதைக் கவனியுங்கள்.

அரசுத் தொலைக்காட்சியிடம் 4கே கேட்டு மனுப் போடலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. தயவுசெய்து போட வேண்டாம், இதில் நமக்கே ஆபத்து இருக்கிறது. ஆண்டெனா வழியாக வரும் டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரு அலைவரிசையில் இவ்வளவுதான் ஏறும் என்று அளவு உண்டு. டிவிபி-டி முறையில் அது சாதாரணமாக 24 மெகாபிட் பக்கம். நல்ல 4கே சேனல் ஒன்று புது முறையில் சுருக்கினாலும் 20-ஐத் தொடும். அந்த ஒன்றை ஏற்ற, அந்த அலைவரிசையில் இருக்கிற சாதாரண சேனல்கள் ஏறக்குறைய எல்லாம் இறங்க வேண்டும். பிரெஞ்சு, கிரியோல், இந்தி, போஜ்புரி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, சீனம் என்று இத்தனை மொழிக்கு இடம் கொடுக்க வேண்டிய தீவு இது. ஒரு சேனல் அகலமானால் யாராவது ஒதுங்கித்தான் ஆக வேண்டும். யாரை முதலில் ஒதுக்குவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் கேமராவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வாங்குங்கள். ஆனால் விலைப்பட்டியலில் 4கே என்ற எழுத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கடைக்காரரிடம் வேறு கேள்விகள் கேட்க வேண்டும்.

காவடியில் நாம் எல்லோரும் காத்திருக்கிற நொடி எது? செம்பில் பால் கெட்டிருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற நொடி. அத்தனை வெயிலில் சுமந்து வந்த பால். வாழை இலைக் கட்டை அவிழ்த்து, செம்பைச் சாய்த்து, கருங்கல் முருகன் தலையில் ஊற்றுகிறார் குருக்கள். உள்ளே எண்ணெய் விளக்கு வெளிச்சம், வெளியே வாசலில் நண்பகல் வெயில். இதுவரை நான் எடுத்த எந்தக் கேசட்டிலும் இந்த நொடி சரியாக வந்ததில்லை. பால் தெரிய வெளிச்சத்தைக் குறைத்தால் சாமி முகம் கறுப்புக் கட்டியாகிவிடும். முகம் தெரிய வெளிச்சத்தைக் கூட்டினால் பால் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், அது வழிகிறது என்பதே தெரியாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளி பழைய கேமராவுக்குள் அடங்காது. இந்தக் குறைக்கு மருந்து எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் அடக்கும் முறை), 4கே இல்லை. 2016-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பிடி.2100 என்ற தரத்தில் இது வந்தது. அதில் எச்எல்ஜி என்று ஒரு வகை, பிபிசியும் என்எச்கேயும் சேர்ந்து உருவாக்கியது. அதன் அருமை என்னவென்றால், புது டிவியில் முழு ஒளியோடும் பழைய டிவியில் ஏறக்குறையப் பழைய மாதிரியும் தெரியும். எங்கள் வீட்டுக் கேசட்டுக்கு நடந்த அநியாயம் இதில் நடக்காது. (கருவறைக்குள் கேமராவே கூடாது என்கிற குருக்கள்மீது எனக்கு வருத்தமில்லை. அங்கே உற்சவருக்கு நடக்கும் அபிஷேகத்தை எடுத்துக்கொள்ளலாம்.)

அப்புறம் நம் நிறம். தமிழ்நாட்டில் காவடி என்றால் மஞ்சளும் காவியும் நினைவுக்கு வரும், நம் ஊரில் ரோஸ். பளீரென்ற அந்த ரோஸ் புடவையும் வேட்டியும் ஆயிரம் பேர் உடுத்தி வருகிறபோது, சாதாரண எச்டி-யின் நிறப் பெட்டிக்குள் அது அடங்குவதில்லை. துணியின் மடிப்பு தெரியாது, சரிகை தெரியாது, ஒரே ரோஸ் தடவல். யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். 2012-ல் வந்த பிடி.2020 என்ற தரத்தின் நிற எல்லை பழையதைப்போல் இரண்டு மடங்கு. அதோடு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்குப் பதில் 1024 படிகள், இதைத்தான் 10 பிட் என்கிறார்கள். ஆகவே கடைக்காரரிடம், 10 பிட் பதிவு செய்யுமா, எச்எல்ஜி உண்டா என்று கேளுங்கள். பதிலாகப் பிக்சல் கணக்கைச் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மூன்றாவது கேள்வி, நொடிக்கு 50 படம் எடுக்குமா? தவில் அடிக்கிற கையும் சுழலும் காவடியும் 25 படத்தில் மங்கலாகத்தான் தெரியும். 60 வேண்டாம், 50 போதும். ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து தருவித்த கேமராவை 60-ல் வைத்தபடியே மண்டபத்து டியூப் லைட்டில் எடுத்தால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடும். ஒரு கல்யாணத்தில் நானே இதைச் செய்து தொலைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் முகத்தை அதற்குப் பிறகு வெகுநாள் பார்க்க முடியவில்லை.

சத்தத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. நாதஸ்வரத்தை அருகில் வைத்த கேமரா மைக்கில் பிடித்தால் கிழிந்த சத்தம்தான் வரும். அதற்குமேல் கோவில் ஒலிபெருக்கி, அதன் எதிரொலி. கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனி ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் இரண்டு நல்ல மைக்கும் வாங்குங்கள். மேளக்காரர்களிடமிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில், ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டி வையுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் அத்தை பொறுத்துக்கொள்வார். 'அரோகரா' கேட்காவிட்டால் டிவியை அணைத்துவிடுவார்.

திரையில் ஓடும் தமிழ் எழுத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரத்தக் கொதிப்பு வருகிற இடம் இது. தமிழ் தெரியாத மென்பொருளில் தட்டி, ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், 'கொடியேற்றம்' என்பது கால் ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கமாகத் திரையில் ஓடுகிறது. நம் ரூபாய் நோட்டில் தமிழ் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதற்காக 1998-ல் குரல் கொடுத்து, புது நோட்டையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாம். நோட்டில் காப்பாற்றிய எழுத்தை நம் கோவில் நேரலையிலேயே கால் ஒடித்து ஓட விடலாமா? 4கே-யில் போட்டால் அந்த ஒடிந்த கால் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். எழுத்து போடுகிற பிள்ளைக்குத் தமிழ் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒளிபரப்புக்கு முன்னால் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் யாரிடமாவது ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, படத்தை மட்டும் 4கே-யில் எடுங்கள் என்றும் நானே சொல்கிறேன். முரண்பாடு மாதிரி இருக்கும், இல்லை. அனுப்புவது வேறு, எடுப்பது வேறு. அனுப்பும் வழி வருடா வருடம் மலிவாகிறது. 2013-ல் வந்த எச்.265 முறை அதற்கு முன்னிருந்ததில் பாதி அளவுக்குப் படத்தைச் சுருக்கியது, 2020-ல் வந்த எச்.266 அதையும் ஏறக்குறையப் பாதியாக்குகிறது. பிரேசில் தன் அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சிக்கு இந்த எச்.266-ஐத்தான் எடுத்திருக்கிறது. பத்து வருடம் கழித்து 4கே அனுப்புவது இன்று போனில் படம் அனுப்புவதுபோல் ஆகிவிடும். ஆனால் இந்த வருடக் காவடியைப் பத்து வருடம் கழித்து எடுக்க முடியாது. ஆகவே இன்று நேரலையில் நல்ல எச்டி போகட்டும், கேமராவுக்குள் 4கே பதிவாகட்டும்.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் பதிவேடுகளும், 1860களிலிருந்து எடுத்த புகைப்படங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிக் காட்டியபோது நான் பக்கத்தில் நின்றேன். ஒரு பெண். மூக்குத்தி தெரிகிறது. புடவை ஓரத்தில் ஒட்டுப் போட்ட தையல் தெரிகிறது. கீழ் உதட்டில் வெடிப்பு தெரிகிறது. அந்தப் படத்தை எடுத்தவன் அவளைக் கௌரவிக்க எடுக்கவில்லை, தோட்டத்தை விட்டு ஓடினால் அடையாளம் காட்டுவதற்காக எடுத்தான். நம்மைப் பிடித்து வைக்க நினைத்தவன் எடுத்த படத்தில் தையல்வரை தெரிகிறது. நம் பிள்ளைகளை நாமே ஆசையாக எடுத்த 1990களின் கேசட்டில் முகமே சரியாகத் தெரியவில்லை. நல்ல 4கே பதிவு என்றால் எனக்கு அந்தத் தையல்தான் நினைவுக்கு வருகிறது.

இதற்குச் செலவு என்ன? நொடிக்கு 100 மெகாபிட் வீதம் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, பத்து மணி நேரம் என்றால் 1350 ஜிபி. ஒரு வருடக் காவடிக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று போதும். ஆனால் ஒன்று வாங்காதீர்கள், இரண்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் அடித்துக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். ஒரு டிஸ்க் கீழே இருந்தால் இன்னொன்று க்யூர்பிப் பக்கம் மேட்டில் யார் வீட்டிலாவது இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்து ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கின் மேல் கோவில் பெயரும் வருடமும் எழுதுங்கள். சிரிக்காதீர்கள், என் வீட்டில் பெயர் எழுதாத கேசட் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் கடைசியாக ஒரு வேண்டுகோள். க்யூர்பிப் ஈரத்தில் கேசட்டுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மூடியைத் திறந்தால் நாடாவின் ஓரத்தில் பாலாடை மாதிரி வெள்ளைப் பூஞ்சணம். அதை அப்படியே கருவியில் போட்டால் ஹெட்டும் கெடும், நாடாவும் அறுந்துபோகும். மெல்லிய துணியால் துடைத்து, கையால் சுற்றி, வெயில் படாமல் காயவைத்துப் போட வேண்டும். ஒரு கேசட்டுக்கு அரை நாள் பிடிக்கும். ஓடுகிற கருவி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, எத்தனை நாளைக்கு ஓடும் என்று சொல்ல முடியாது. உங்கள் கோவில் அலமாரியிலும், பழைய தலைவர்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கும் கேசட்டுகளை அடுத்த கொடியேற்றத்துக்கு முன் எடுத்து அனுப்புங்கள். கூலி வேண்டாம், டிஸ்க்கை மட்டும் நீங்கள் வாங்கித் தாருங்கள்.

போன வாரம் துடைத்த கேசட் ஒன்றில் அத்தை வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் பால் செம்பு, ரோஸ் புடவை, கேமராவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவரிடம் போட்டுக் காட்டினேன். படத்தின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் புடவை யாரிடம் போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

இப்படிக்கு,
க்யூர்பிப்பிலிருந்து ஒரு பழைய வீடியோக்காரன்